கடல் திராட்சை ஐஸ் பெட்டிக்குப் போகக் கூடாது

மலேசியத் தமிழர் வீட்டில் கடற்பாசி என்றால் பிறந்தநாள் தட்டில் ஆடும் அகார் அகார்தான் நினைவுக்கு வரும். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. சுஷியைச் சுற்றியிருக்கும் நோரியும் சிவப்பு இனமே. ஸ்பைருலினா பச்சையாக இருந்தாலும் பச்சைப் பாசி இனமல்ல, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். உண்மையான பச்சைப் பாசிகளில் பினாங்கு அடுப்படிக்கு எளிதில் எட்டுபவை இரண்டு: கடல் திராட்சை, குளோரெல்லா. இரண்டின் குணமும் வேறு வேறு.

கடல் திராட்சையைச் சபாவில் லாத்தோக் என்பார்கள், ஜப்பானின் ஒகினாவாவில் உமிபுடோ. கொடியில் குண்டூசித் தலை அளவு பச்சை முத்துகள் நெருக்கமாகத் தொங்கும். கடித்தால் நறுக்கென்று உடைந்து உப்புத் தண்ணீர் தெறிக்கும். இதைக் கையாளுவதில் வரும் தப்புகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருகின்றன: அந்தக் கொடி முழுவதும், முத்துகள் உட்பட, ஒரே ஒரு செல். உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. ஓரிடத்தில் நசுங்கினாலும் அங்கிருந்து சாறு கசியும். வெப்பக் கடலில் வளர்வது என்பதால் குளிரும் அதற்கு ஆகாது. மீனோடு சேர்த்து ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாள் முத்துகள் வதங்கி, தட்டில் தண்ணீர்தான் நிற்கும்.

ஆகவே வாங்கியதும் கழுவாமல், மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் தளர்வாகப் பரப்பி, வெயில் படாத மேசையில் வையுங்கள். மேலே வேறு எதையும் அடுக்க வேண்டாம். பினாங்குப் புழுக்கத்தில் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. வழவழப்பு ஏறியதை, கெட்ட வாடை அடிப்பதை, நிறம் வெளுத்ததைத் தூக்கிப் போடுங்கள்.

கழுவுவது சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான். குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் அலசி வடிகட்டி, தண்ணீர் மாற்றி இன்னொரு முறை. மணலும் குட்டிச் சிப்பியும் தண்டின் அடியில்தான் ஒட்டியிருக்கும், அந்தப் பகுதியைக் கிள்ளிவிடலாம். உப்பில் பதப்படுத்திய பாக்கெட் வாங்கினால் முறை வேறு. சுருங்கி நூல் போலக் கிடப்பதை ஒரு முறை அலசி, நிறையத் தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறப் போட்டால் முத்துகள் மறுபடி உப்பும். பத்து நிமிடம் தாண்டினால் தண்ணீரை இழுத்துக்கொண்டே போய்ச் சில வெடிக்கும், மீதி சப்பென்றாகும். திறக்காத பாக்கெட்டை எங்கே வைப்பது என்பதற்கு உறையில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

நான்கு பேருக்கு 200 கிராம் போதும். ஆறு சின்ன வெங்காயம், இரண்டு சில்லி பாடி (காரமான குட்டி மிளகாய்), பாதிப் புளிப்பு மாங்காய், எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, ஐந்து லீமாவ் கஸ்தூரியின் (குட்டி எலுமிச்சை வகை) சாறும் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலும் சேருங்கள். உப்பு போடவே வேண்டாம், பாசியிலேயே இருக்கிறது. அசைவக்காரர்கள் சம்பால் பெலாச்சான் (இறால் விழுதும் மிளகாயும் அரைத்தது) வைத்துக்கொள்ளலாம், விரத நாளில் வறுத்த கடலைப் பொடி. இந்தக் கலவையைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தொட்டுச் சாப்பிட வேண்டும். முன்கூட்டியே பிசறி வைத்தால் முத்துகள் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும். தாளித்துக் கொட்ட ஆசைப்பட்டால், தாளிப்பு நன்றாக ஆறட்டும். இதைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிடுவது காசுக்குக் கேடு.

சத்து? பெரும்பகுதி தண்ணீர். மெக்னீசியம், கால்சியம், நார்ச்சத்து கொஞ்சம் கிடைக்கும், கலோரி மிகக் குறைவு. புரதத்துக்காகச் சாப்பிடுவதல்ல. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பை நினைத்து அளவாக எடுக்க வேண்டும்.

குளோரெல்லா கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் பாசி, நன்னீரில் வளர்ப்பது. அதன் செல் சுவர் கெட்டி, நம் வயிற்றால் எளிதில் உடைக்க முடியாது. எனவே உறையில் ‘புரோக்கன் செல் வால்’ அல்லது ‘கிராக்ட் செல் வால்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். எடையில் பாதிக்கு மேல் புரதம் என்று விளம்பரம் சொல்வது சரிதான், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 கிராம் தூளில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் புரதம், ஒரு கோழி முட்டையில் 6 கிராம். 250 மில்லிகிராம் மாத்திரையானால் அந்த 3 கிராமுக்குப் பன்னிரண்டு விழுங்க வேண்டும்! பி12 கிடைக்கும் என்று நம்பிச் சைவர்கள் இதை மட்டும் சார்ந்திருக்க வேண்டாம், அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஸ்பைருலினாவில் இருப்பதோ பெரும்பாலும் உடல் பயன்படுத்த முடியாத போலி பி12.

குளோரெல்லா முதல் வாரம் நாளுக்கு ஒரு கிராம் போதும். வயிறு உப்பவில்லை என்றால் கூட்டலாம். மலம் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம்.

தோசை மாவில் கலக்குபவர்கள் நிறம் மங்கிவிடுகிறது என்று குறைப்படுவார்கள். புளித்த மாவின் அமிலமும் சூடும் சேர்ந்து பச்சையத்திலிருக்கும் மெக்னீசியத்தை வெளியேற்றுவதால் அது பழுப்புப் பச்சையாகிறது. புளிக்காத மாவுக்குப் போங்கள்: 250 கிராம் இடியாப்ப மாவுக்கோ சப்பாத்தி மாவுக்கோ ஒரு தேக்கரண்டி. தேங்காய்ச் சட்னியில் என்றால் அரைத்து முடித்த பிறகு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை பரிமாறும்போதுதான்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் குளோரெல்லாவைத் தொடவே கூடாது, இதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கௌட் (யூரிக் அமிலம் கூடுவதால் வரும் மூட்டு வலி) உள்ளவர்களும், அந்த அமிலமாக மாறும் பியூரின் இதில் இருப்பதால் யோசிக்க வேண்டும். மலேசியாவில் மாத்திரையாக விற்கும் துணைச்சத்துகளுக்கு எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடி, பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். கடற்கரைப் பாறையில் படிந்த பச்சையைச் சுரண்டி வந்து சமைக்க வேண்டாம். கழிவுநீர் கலக்கும் இடத்திலும் அது செழிக்கும், கன உலோகத்தையும் உறிஞ்சி வைத்திருக்கலாம்.

தூள் டப்பாவில் ஈரக் கரண்டியை விடாதீர்கள். கட்டி தட்டினாலோ, வழக்கமான புல் வாசனை போய்க் காறல் வாடை வந்தாலோ குப்பைக்குத்தான்.