மெரினாவில் நடந்தே பழகலாம்: பாராகிளைடிங் பந்தய நாள்

பாராகிளைடிங் முறையாகக் கற்று, தனியாகப் பறக்கவும் ஆரம்பித்து, அடுத்து கிராஸ் கன்ட்ரி (நெடுந்தூரம் பறக்கும்) போட்டிக்குப் போக ஆசைப்படும் சென்னைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊரில் ஏறிக் குதிக்க மலை இல்லை. கடற்காற்று உள்ளே வந்துவிட்டால், நம்மை மேலே தூக்கும் வெப்பக் காற்றான தெர்மல் அடங்கிவிடும். ஆனால் முதல் போட்டியில் புதியவர்களைத் தடுமாற வைப்பது காற்று மட்டும் இல்லை. வழிகாட்டும் கருவியில் டாஸ்க்கை, அதாவது அன்றைய பந்தயப் பாதையை, தப்பாகப் போடுவதும், ஸ்டார்ட் நேரத்தைக் கோட்டை விடுவதும், வழியில் தொட வேண்டிய புள்ளியான டர்ன்பாயின்ட்டைத் தொடாமலே திரும்புவதும் நல்ல பைலட்டைக்கூடக் கவிழ்த்துவிடும். இந்த மூன்றையும் தரையிலேயே பழகிவிடலாம். ஒரு போன், ஒரு விடிகாலை, மெரினா நடைபாதை போதும்.

1. பலகையில் என்ன எழுதுவார்கள்?

2015-ல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இமாச்சலத்தின் பீர் பில்லிங்கை எடுத்துக்கொள்வோம். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பில்லிங். காலையில் எல்லோரும் அங்கே கூடியதும், டாஸ்க் குழு வானிலையைப் பார்த்து அன்றைய பாதையை முடிவு செய்து பலகையில் எழுதும். டேக்ஆஃப் எப்போது திறக்கும், ஸ்டார்ட் எத்தனை மணிக்கு, எந்தெந்த டர்ன்பாயின்ட், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆரம், கோல் எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும்.

டர்ன்பாயின்ட் என்பது வரைபடத்தில் ஒரு வட்டம். அதை வானத்தில் நிற்கும் சிலிண்டராக நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளி வரை போக வேண்டியதில்லை, விளிம்பைத் தொட்டால் போதும். 400 மீட்டர் ஆரம் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. ஸ்டார்ட் வட்டம் பல கிலோமீட்டர்கூட இருக்கும்.

2. மெரினா டாஸ்க்கைப் போடுங்கள்

எக்ஸ்சி டிராக் என்ற பறத்தல் செயலி ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கிறது. போட்டிகளிலும் பலர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் இந்தப் புள்ளிகளைக் குறியுங்கள்:

- டேக்ஆஃப்: உழைப்பாளர் சிலை
- ஸ்டார்ட்: அதே சிலையை மையமாக வைத்து 500 மீட்டர், உள்ளிருந்து வெளியேற வேண்டும், காலை 6:00
- முதல் டர்ன்பாயின்ட்: கலங்கரை விளக்கம், 200 மீட்டர்
- இரண்டாவது: விவேகானந்தர் இல்லத்துக்கு நேர் கிழக்கே, அலை வந்து தொடும் இடம், 40 மீட்டர்
- வேகப் பகுதி (நேரம் கணக்கிடப்படும் பகுதி) முடிவு: உழைப்பாளர் சிலை, 200 மீட்டர்
- கோல்: அதே சிலை, 40 மீட்டர்

மொத்தம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். போட்டு முடித்ததும் நண்பரிடம் கொடுத்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒத்துப் பாருங்கள். போட்டியில் பக்கத்தில் நிற்கும் பைலட்டோடு இதைச் செய்தே ஆக வேண்டும். 40 என்பதற்கு 400 விழுந்திருந்தால், காற்றில் இருக்கும்போது தெரிந்து பயனில்லை.

3. ஸ்டார்ட்

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

5:30-க்கு சிலையடியில் இருந்து கிளம்புங்கள். வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம். 6 மணி அடிக்கும்போது தெற்கு விளிம்புக்கு மிக அருகில், ஆனால் உள்ளே இருக்க வேண்டும். 5:59-க்கு விளிம்பைத் தாண்டிவிட்டு அப்படியே நடந்தால் அது செல்லாத ஸ்டார்ட். திரும்ப உள்ளே வந்து மறுபடி வெளியேற வேண்டும். 6:03-க்குத் தாண்டினாலும் உங்கள் கடிகாரம் 6:00-இலிருந்தே ஓடும், ஏனென்றால் 'ரேஸ் டு கோல்' முறையில் எல்லோருக்கும் ஒரே தொடக்க நேரம்தான். ஸ்டார்ட் வட்டம் நிறைவேறியதைச் செயலி காட்டி, அடுத்த புள்ளிக்கு மாறியதா என்று திரையைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே நடையைக் கட்டுங்கள்.

நிஜத்தில் இதே காத்திருப்பு மேகத்தின் அடியில், கூட்டமாக ஒரே தெர்மலில் சுற்றிக்கொண்டே நடக்கும். அங்கே முதலில் சுற்றுபவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவர்களும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். அந்த நெரிசலில் கண் வெளியே இருக்க வேண்டும். அதனால்தான் திரையை ஒரு பார்வையில் படிக்க இங்கேயே பழகச் சொல்கிறேன்.

4. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

கலங்கரை விளக்க வட்டத்தைத் தொட்டதும் திரும்பிவிடுங்கள், உள்ளே போகாதீர்கள். அடுத்த புள்ளிக்குச் செயலி காட்டும் குறுகிய கோடு மணலில் குறுக்கே போகும். நேராகப் போனால் கால் புதையும். நடைபாதையிலேயே வடக்கே வந்து, கடைசியில் மட்டும் மணலில் இறங்கினால் தூரம் கூடும், நேரம் குறையலாம். இரண்டையும் நடந்து பாருங்கள். காற்றிலும் இதே கணக்குதான்: நேர்க்கோட்டில் காற்று கீழே இறங்கிக்கொண்டிருந்தால், மலைச்சரிவையும் மேகங்களையும் ஒட்டிச் சுற்றிப் போகிறவர் முன்னால் போய்விடுவார்.

5. கோல் கணக்கு

கோலுக்கு 8 கிலோமீட்டர் இருக்கும்போது, 8-க்கு 1 என்ற விகிதத்தில் (8 மீட்டர் முன்னே போக 1 மீட்டர் இறங்கி) சறுக்கும் விங்குக்கு, அதாவது பாராகிளைடரின் துணி இறக்கைக்கு, கோலைவிட 1,000 மீட்டர் கூடுதல் உயரம் வேண்டும். அதுவும் காற்றில்லாதபோது. மணிக்கு 40 கிலோமீட்டரில் பறக்கையில் 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் விகிதம் 6 ஆகிவிடும், தேவை 1,300 மீட்டரைத் தாண்டும். நடக்கும்போது அவ்வப்போது நின்று, மீதித் தூரத்துக்கு இந்தக் கணக்கை மனதில் போடுங்கள்.

வேகப் பகுதி முடியும் இடத்தில் கடிகாரம் நின்றுவிடும். ஆனாலும் கோலைத் தொடாமல் முன்னாலேயே இறங்கினால் நேரத்துக்கான புள்ளிகள் கிடைக்காது. அதனால் 200 மீட்டர் வட்டத்தில் நின்றுவிடாதீர்கள்.

6. இறங்கிய பிறகு

முதலில் விங்கைச் சுருட்டி ஓரமாக வையுங்கள். விரித்தபடியே விட்டால், மேலே பறப்பவர்கள் உங்களுக்கு அடிபட்டிருக்கிறது என்று நினைப்பார்கள். உங்களைக் காப்பாற்ற ஒருவர் தன் பந்தயத்தையே விட்டுவிட்டு இறங்கக்கூடும். அடுத்து, பத்திரமாக இருப்பதாக அமைப்பாளர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். தகவல் வராத ஒவ்வொரு பைலட்டையும் தேட ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். மெரினாவிலும் இதை விடாதீர்கள். சிலையடியில் நின்று, பெயர், நேரம், இருக்கும் இடம், 'நலம்' என்று நண்பர்கள் குழுவுக்கு ஒரு செய்தி போட்டுவிட்டே டீக்குப் போங்கள்.

பிறகு செயலியில் பதிவான ஐஜிசி கோப்பை, அதாவது நீங்கள் போன தடத்தின் பதிவை, திறந்து, மூன்று நான்கு பேருடைய தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். யார் 6:00-க்குச் சரியாக வெளியேறினார், யார் மணலில் நேரத்தை இழந்தார் என்பது அதிலேயே தெரியும். அடுத்த வாரம் ஆரங்களை மாற்றி, ஸ்டார்ட்டை உள்ளே நுழையும் வகையாகப் போட்டு இன்னொரு தடவை நடங்கள்.