கிராப்பிக்குத் தூண்டில் இழுக்கும்போது நரம்பு நேராகத் தொங்கட்டும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள கிரெனடா ஏரி போன்ற கலங்கல் நீரில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்க, படகின் முன்பக்கத்தில் 12 முதல் 16 அடி நீளத் தூண்டில் கோல்களை விசிறி போல விரித்துத் தாங்கியில் பொருத்துவார்கள். எத்தனை கோலுக்கு அனுமதி என்பது ஏரிக்கு ஏரி மாறும்; முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

10 பவுண்டு எடை தாங்கும் நரம்பு (தூண்டில் நூல்), அரை அவுன்ஸ் ஈயம். ஈயத்துக்கு ஒரு அடி மேலே ஒரு முள், ஒன்றரை அடி கீழே இன்னொன்று. மெல்லிய கம்பி முள்ளாக இருந்தால், மூழ்கிய மரத்தில் மாட்டினாலும் இழுத்ததும் நிமிர்ந்து வந்துவிடும், நரம்பு அறுபடாது. உயிருள்ள குட்டி மீனை இரு உதடும் சேர்த்துக் கோத்தால் இழுக்கும்போது சுழலாது.

படகின் வேகம்தான் முக்கியம். மணிக்கு அரை முதல் ஒரு கிலோமீட்டர் போதும். நரம்பு பின்னால் சாய்ந்தால் இரை மேலேறி ஆழம் தவறிவிடும். வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஈயத்தை முக்கால் அவுன்ஸாக்குங்கள். காற்றை எதிர்த்துப் போனால் படகு கட்டுக்குள் நிற்கும்.

கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கும். மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் எக்கோ கருவியில் மீன் 10 அடியில் தெரிந்தால் இரையை 9 அடியில் விடுங்கள். அதன் கண்ணுக்குக் கீழே போன இரை வீண்.

கோல் நுனி வளைந்ததும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வாய்த்தோல் காகிதம் போல, கிழிந்துவிடும். நிதானமாகத் தூக்கி, வலையில் ஏந்துங்கள்.