கழகத்தின் பணமும் காஸ்க் பதிவும்: பொருளாளர்கள் வழுக்கும் இடங்கள்

பிரிட்டனில் ஒரு சிறிய கிரிக்கெட் கழகத்துக்கு நான் பொருளாளரான வாரத்தில் என் கைக்கு வந்தது ஒரு பிஸ்கட் டின். உள்ளே ரசீதுகள், காசோலை அடிக்கட்டைகள், ரப்பர் வளையம் போட்ட கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு உரிய வரியை அரசிடம் திரும்பப் பெறும் திட்டம்) படிவங்கள், அவற்றோடு ஒரு பெயர்ப் பட்டியல். பட்டியலில் எல்லாப் பெயர்களுக்கும் நேரே ஒரே தொகை: 120 பவுண்டு. அது அந்தக் கழகத்தின் ஆண்டுச் சந்தா. உறுப்பினர்கள் கட்டிய சந்தா முழுவதையும் நன்கொடை என்று காட்டி, மூன்று ஆண்டுகளாக அரசிடம் வரியைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். யாரும் ஒரு பென்னியைக்கூடத் திருடவில்லை. சந்தாவும் நன்கொடைதானே என்று நம்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெற்றதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கட்டினோம். சிறுவர்களுக்கு வலைப்பயிற்சி இடம் அமைக்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

சமூக அமெச்சூர் விளையாட்டுக் கழகம் என்ற பதிவு முறை அங்கே 2002 இல் வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் ‘காஸ்க்’ என்கிறார்கள். எச்.எம்.ஆர்.சி எனப்படும் வரித்துறையிடம் இப்படிப் பதிந்த கழகத்துக்குத் தனிநபர் தரும் ஒவ்வொரு பவுண்டு நன்கொடைக்கும் அரசு கிஃப்ட் எய்ட் வழியாக மேலும் 25 பென்ஸ் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கழகத்தின் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் உரிய வணிகச் சொத்துவரியில் 80 சதவீதம் தள்ளுபடியாகிறது. உள்ளூராட்சி மன்றம் மனம் வைத்தால் மீதி 20 சதவீதத்தையும் விட்டுக்கொடுக்கலாம். வெளியாரிடம் செய்யும் வியாபாரத்தின் வரவு ஆண்டுக்கு 50,000 பவுண்டைத் தாண்டாவிட்டால், வாடகை வரவு 30,000 பவுண்டைத் தாண்டாவிட்டால், அவற்றுக்கு நிறுவன வரி இல்லை. வட்டிக்கும் சொத்து விற்ற இலாபத்துக்கும் இல்லை. ஆனால் இந்த விலக்குகள் எல்லாம் அந்தப் பணம் விளையாட்டுக்கே செலவாகும் வரைதான்.

நான் பார்த்த தவறுகளில் கூட்டல் கழித்தல் பிழைகள் மிகக் குறைவு. கழகத்துக்குள் வரும் ஒரு பவுண்டு யாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று வரும் நாளிலேயே குறித்து வைக்காததுதான் பெரும்பாலும் வினையாகிறது. உறுப்பினர் பணம், வெளியார் பணம், கொடை என்று மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் விழலாம். சட்டத்தின் கண்ணுக்கு அவை மூன்றும் வேறு வேறு.

கொடை போலத் தோன்றுபவை

உறுப்பினர் சந்தாவுக்குக் கிஃப்ட் எய்ட் கிடையாது. மகனுக்காகத் தாய் கட்டும் சிறுவர் சந்தாவுக்கும் கிடையாது. சந்தாவை 20 பவுண்டாகக் குறைத்து, ‘நன்கொடை 100’ என்று ஒரு வரி சேர்த்து, அதைக் கொடுக்காதவரை அணியில் சேர்ப்பதில்லை என்று வைத்தால் அதுவும் சந்தாதான். கொடுக்காவிட்டாலும் எதுவும் குறையாது என்ற நிலையில் தருவது மட்டுமே கொடை. சீட்டிழுப்புக்கு வாங்கிய டிக்கெட், இரவு விருந்துக்குக் கட்டிய பணம் இவற்றுக்கும் இதே கதி.

கடைக்காரர் ஒருவர் 500 பவுண்டு தருகிறார் என்று வையுங்கள். நம் கழகங்களில் இது நடக்காத ஆண்டே இல்லை. காசோலை அவருடைய கம்பெனியின் பெயரில் இருந்தால் கிஃப்ட் எய்ட் கோர முடியாது. எதிர்பார்ப்பின்றிக் கொடுத்திருந்தால் அந்தக் கம்பெனி தன் வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 2014 ஏப்ரலிலிருந்து இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு ஈடாகச் சீருடையின் மார்பில் கடையின் பெயரைப் பொறித்துக் கொடுக்கிறோம் என்றால் அது விளம்பரம் விற்ற பணம். கழகத்துக்கு அது வியாபார வரவு. 50,000 பவுண்டு வரம்புக்குள் எண்ணப்பட வேண்டியது. ஒரே கடைக்காரர், ஒரே தொகை. அவருக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் நீங்கள் என்ன உறுதியளித்தீர்கள் என்பதைப் பொறுத்து அதன் சாதி மாறுகிறது. அந்தக் கடிதத்தின் படியைக் கோப்பில் வையுங்கள்.

இன்னொன்று, குடும்பத்தின் மூத்தவர் உறவினர் பத்துப் பேரிடம் திரட்டி மொத்தமாக 1,000 பவுண்டு கொண்டுவந்து கொடுப்பது. அவர் ஒருவர் கையெழுத்து வைத்த படிவம் போதாது. பத்துப் பேரும் தனித்தனியாகப் பெயர், வீட்டு முகவரியோடு ஒப்புதல் தர வேண்டும். தருகிறவர் அந்த ஆண்டு கிஃப்ட் எய்டுக்கு ஈடான வரியாவது கட்டியிருக்கவும் வேண்டும். குறைந்த ஓய்வூதியத்தில் வாழும் பாட்டி ஒருவர் ஆசையாகப் படிவம் நிரப்பிக் கொடுத்தால், குறைகிற வரி அவர் தலையில்தான் விழும். கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

முகம் தெரியாதவர்கள் உண்டியலில் போடும் சில்லறைக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ஒருவர் ஒரு தடவை தருவது 30 பவுண்டுக்குள் இருந்தால் ஒப்புதல் படிவம் இல்லாமலே ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை காட்டி, 2,000 பவுண்டு வரை பெறலாம். அதே ஆண்டில் வழக்கமான கிஃப்ட் எய்ட் நன்கொடையும் குறைந்தது அதில் பத்தில் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். பல கழகங்கள் இந்தத் திட்டத்தைக் கேள்விப்படாமலேயே இருக்கின்றன. கேட்டால் கிடைக்கும் பணத்தைக் கேட்காமல் விடுவதும் தவறுதான்.

வெளியாரிடம் வாங்கும் பணம்

கழக பாரில் உறுப்பினர் வாங்கும் பானம் வியாபார வரவாக எண்ணப்படுவதில்லை. தன் வீட்டுப் பணத்தைத் தானே இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுவது போன்றது அது. பக்கத்தில் நிற்கும் விருந்தினர் அதே பானத்தை வாங்கினால் அது வெளியார் வியாபாரம். கோடைகாலச் சுற்றுப்போட்டிக்கு வரும் அணிகளின் நுழைவுக் கட்டணமும், அன்று நாம் போடும் கொத்துரொட்டிக் கடையில் பொதுமக்கள் கொடுக்கும் பணமும் அப்படியே. சேவையின்றி மண்டபத்தை மட்டும் வாடகைக்கு விட்டால் அது சொத்து வருமானம். மைதானத்தின் மூலையில் கைபேசிக் கோபுரம் நிற்க இடம் கொடுத்து வாங்கும் வாடகையும் சொத்து வருமானமே.

இங்கேதான் மிகக் கடினமான இடம் வருகிறது. வரம்பு என்பது மொத்த வரவின் மீது, இலாபத்தின் மீது அன்று. தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்பதும் இல்லை. ஒரு கழகத்தின் வெளியார் வியாபார வரவு 50,600 பவுண்டு, செலவு போக இலாபம் 12,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 600 பவுண்டு தாண்டியதற்காக 12,000க்கும் வரி விழும். 19 சதவீதத்தில் அது 2,280 பவுண்டு. வரவு 49,900இல் நின்றிருந்தால் ஒன்றுமே இல்லை. கணக்காண்டு 12 மாதங்களுக்குக் குறைவாக இருந்தால் வரம்பும் அந்த விகிதத்தில் சுருங்கும். கணக்காண்டை மாற்றுகிற கழகங்கள் இதை மறந்துவிடுகின்றன. ஆகவே ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வியாபார வரவு, வாடகை வரவு என்ற இரண்டு எண்களையும் பாருங்கள்.

அதற்கும் மேலே இன்னொரு கோடு. வெளியார் வியாபாரமும் சொத்து வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 100,000 பவுண்டைத் தாண்டினால் காஸ்க் என்ற தகுதியே போய்விடும். 2015 ஏப்ரலில் வந்த விதி இது. மண்டபம் நன்றாக ஓடும் கழகங்கள் அந்த வியாபாரத்தைக் கழகத்துக்குச் சொந்தமான தனிக் கம்பெனிக்கு மாற்றி, அதன் இலாபத்தை நன்கொடையாகக் கழகத்துக்குக் கொண்டுவருகின்றன. இதைக் கணக்காளரின் துணையில்லாமல் செய்யப் போகாதீர்கள்.

இந்த வரம்புக்குப் பயந்து சிலர் ஒரு குறுக்குவழி பிடிக்கிறார்கள். பாருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் 5 பவுண்டுக்குச் சமூக உறுப்பினர் அட்டை கொடுத்து, வெளியாரை உள்ளாராக ஆக்குவது. வியாபார வரவு குறையும், உண்மை. ஆனால் உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் விளையாட்டில் பங்கெடுக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பதும் விதி. பங்கெடுப்பு என்றால் பொதுவாக ஆண்டில் 12 தடவையாவது. ஆடுகிறவர்கள் 60 பேர், அட்டை வாங்கியவர்கள் 200 பேர் என்றால் கழகம் அந்த நிமிடமே தகுதியிழந்து நிற்கிறது. யார் எந்த நாள் ஆட வந்தார்கள் என்ற வருகைப் பதிவேடு இல்லாத கழகத்தால் இதை நிரூபிக்கவும் முடியாது.

யாருக்காகத் திறந்த கழகம்

பிரிட்டனிலுள்ள தமிழர்களிடம் நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புவது இது. நம் கழகங்களில் பல, யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களிலிருந்து முளைத்தவை. அந்தப் பாசம் பெரியது. நானும் அதில் வளர்ந்தவன். ஆனால் ‘இன்ன பாடசாலையின் பழைய மாணவர்களும் அவர்களின் பிள்ளைகளும் மட்டும்’ என்று யாப்பில், அதாவது கழகத்தின் விதி ஏட்டில், ஒரு வரி இருக்கும் வரை காஸ்க் பதிவு சாத்தியமில்லை. கழகம் முழுச் சமூகத்துக்கும் திறந்திருக்க வேண்டும். இனம், தேசியம், மதம் பார்த்து ஒருவரை மறுக்கக் கூடாது. யாப்பை மட்டும் திருத்திவிட்டு, நடைமுறையில் வேறு யாரையும் சேர்க்காமல் இருப்பதும் உதவாது.

சந்தா ஆண்டுக்கு 1,612 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. நம் கழகங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. கவனிக்க வேண்டியது 520 பவுண்டு என்ற கோடு. சந்தாவோடு சீருடை, உபகரணம், ஆடுகளக் கட்டணம் என ஓர் உறுப்பினருக்கு ஆகும் செலவு எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டினால், கட்ட இயலாதவர் 520க்குள் விளையாட ஏதாவது ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையைச் சங்கடப்படுத்தாமல் சேர்த்துக்கொள்ளும் வழியை எழுத்தில் வைப்பது எப்படியும் நல்லது. ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்து ஆடவைப்பதற்கும் எல்லை இருக்கிறது: கழகம் முழுவதற்குமாக ஆண்டுக்கு 10,000 பவுண்டு.

திரும்பி வர முடியாத கதவு

காஸ்க் ஆன கழகம் அறக்கட்டளையாக இருக்க முடியாது. அதைவிட முக்கியமாக, வேண்டாம் என்று தானாக விலகவும் முடியாது. விதிகளை மீறினால் எச்.எம்.ஆர்.சி நீக்கும், அது ஒன்றே வெளியேறும் வழி. அப்படி நீக்கப்படும் நாளில், கழகம் தன் சொத்தையெல்லாம் அன்றைய சந்தை விலைக்கு விற்றது போலக் கணக்கிட்டு இலாபத்துக்கு வரி கேட்பார்கள். ஒரு பென்னி கைக்கு வந்திராது, வரி மட்டும் வரும். பல ஆண்டுகளுக்கு முன் மலிவாக வாங்கிய மைதானம் வைத்திருக்கும் கழகத்தை இது விழுங்கிவிடக்கூடும். மாநகர மைதானத்தை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஆடும் சிறு கழகத்துக்கு இந்த ஆபத்து இல்லை. அதே காரணத்தால் சொத்துவரித் தள்ளுபடியால் பயனும் இல்லை. அத்தகைய கழகம் ஆண்டுக்கு எவ்வளவு கொடை வருகிறது என்று பார்த்து முடிவெடுக்கட்டும். கொடையே வராத கழகம் இத்தனை விதிகளைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வாட் வரிக்கும் இந்தப் பதிவுக்கும் தொடர்பில்லை. காஸ்க் ஆனால் வாட் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பொருளாளரோ செயலாளரோ மாறினால் உடனே எச்.எம்.ஆர்.சிக்கு அறிவியுங்கள். பழையவர் பெயரே பதிவில் இருக்க, புதியவர் கிஃப்ட் எய்ட் கோரினால் கோரிக்கை நின்றுவிடும். ஒப்புதல் படிவங்களைக் கடைசி நன்கொடைக்குப் பிறகு 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிஸ்கட் டின் போதாது.

கடைசியாக, யாப்பில் கழகம் கலைக்கப்படும்போது என்ன செய்வது என்ற பிரிவைப் படியுங்கள். மிஞ்சும் பணம் இன்னொரு காஸ்க் கழகத்துக்கோ, பதிவுபெற்ற அறக்கட்டளைக்கோ, அந்த விளையாட்டின் ஆளும் அமைப்புக்கோ போக வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். ‘ஊரிலுள்ள நம் பாடசாலைக்கு’ என்று எழுதிய யாப்புகளை நான் கண்டிருக்கிறேன். பாடசாலைக்குக் கொடுக்க ஆசையிருந்தால் அதற்கென்று வேறு சங்கம், வேறு வங்கிக் கணக்கு வையுங்கள். கழகத்தின் சுற்றுப்போட்டிப் பணத்திலிருந்து அனுப்பாதீர்கள். விளையாட்டுக்கு அல்லாமல் வெளியே போகும் ஒவ்வொரு பவுண்டும் கழகத்தின் வரிவிலக்கில் அந்த அளவுக்குக் கைவைக்கும்.