பனிக்கரடி முடி ஃபைபர் ஆப்டிக் கேபிள் இல்லீங்க

பனிக்கரடி முடி ஒவ்வொண்ணும் ஃபைபர் ஆப்டிக் கேபிளாம், வெயில்ல இருக்கற அல்ட்ரா வயலட்ட அப்படியே உள்ள இருக்கற கறுப்புத் தோலுக்கு இறக்கி உடம்ப சூடாக்குமாம், இன்னமும் இத ஷேர் பண்ணிட்டே இருக்காங்க. 1998-லயே டேனியல் கூன்னு ஒரு அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் நெஜமாவே முடிய எடுத்து லைட் அடிச்சு பாத்துட்டாரு, கால் இன்ச் போறதுக்குள்ள அல்ட்ரா வயலட் சுத்தமா காலி, ஏன்னா முடியே கெரட்டின்ங்கற புரதம், அது அந்த லைட்ட உறிஞ்சிக்கும்.

முடிக்குள்ள வெத்திடம் இருக்கறது மட்டும் உண்மைதான். சிங்கப்பூர் ஜூல 2004-ல கரடிங்க பச்சையா மாறிச்சே, பாசி வளந்தது அந்த வெத்திடத்துக்குள்ளதான், அதனால வெறும் தண்ணி ஊத்தி கழுவி பிரயோஜனம் இல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டுதான் வெள்ளையாக்குனாங்க. ஆனா ஒரு அமைப்பு கண்ணுல பட்டதும் "இது இதுக்குத்தான்"னு வேலையயும் நாமளே எழுதிடறோம் பாருங்க, அதான் பிரச்சன. குளிர பெரும்பாலும் தடுக்கறது நெருக்கமான உள்முடிக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்து.

காலேஜ் லேப்லயும் இதே கூத்துதான். மைக்ரோஸ்கோப்ல முடி நடுவுல கறுப்பா ஒரு கோடு தெரிஞ்சா உடனே "மெலனின்"னு, அதாவது முடிக்கு நிறம் குடுக்கற நிறமின்னு, ரெக்கார்டுல எழுதிடறாங்க. நடுவுல இருக்கறது மெடுல்லா, அதுல காத்து இருந்தா லைட் சிதறி கறுப்பா தெரியும், எண்ணெய் மாதிரி ஏதாவது உள்ள இறங்குச்சுன்னா அதே கோடு வெளுத்துடும். நிறமி பெரும்பாலும் அத சுத்தி இருக்கற கார்டெக்ஸ்லதான் சின்ன சின்ன துகளா இருக்கும்.

வெளிப்பக்க க்யூட்டிகிள் செதிலு ஓட்டுக்கூரை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நுனிய பாத்து இருக்கும், முடிய சும்மா ஸ்லைடுல வச்சு பாத்துட்டு "செதிலே இல்ல"ங்காதீங்க, ஸ்லைடுல நெயில் பாலிஷ் தடவி, பாதி காஞ்சதும் முடிய அழுத்தி வச்சு, நல்லா காஞ்சப்புறம் உரிச்சு எடுங்க, அச்சு தெளிவா விழும். பஞ்சு மாதிரி உள்முடிய மட்டும் வச்சு இன்ன மிருகம்னு சொல்லிடாதீங்க, அதுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கற நீளமான காவல் முடி வேணும், அதுலயும் அடியில ஒரு செதில் டிசைன் நுனியில ஒரு டிசைன் இருக்கும், முழு நீளமும் பாக்கணும்.

அமைப்ப பாத்ததுமே வேலைய நாமளா எழுதக்கூடாதுன்னேன், அதுக்காக செதிலுக்கு வேலையே இல்லன்னு அர்த்தம் இல்ல. கடல் நீர்நாய்க்கு திமிங்கலம் மாதிரி தடிச்ச கொழுப்பு லேயர் கெடையாது, உள்முடியோட கூரான செதிலுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு காத்த பிடிச்சு வச்சுக்கறதாலதான் தண்ணி தோல தொடறதில்ல. 1989-ல அலாஸ்கால எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் கொட்டுனப்ப அந்தக் காத்து அடுக்கு போயி நெறைய நீர்நாய்ங்க குளிர்லயே செத்துப்போச்சு.