சுவிஸில் வேலையை மறுக்கும்போது நேரும் தவறுகள்

சுவிற்சர்லாந்தில் வேலையிழந்து, வேலைவாய்ப்பு நிலையமான ஆர்ஏவியில் பதிவு செய்திருக்கும் ஒருவர் தமக்கு ஏற்ற நிரந்தர வேலையொன்றை மறுத்தால், வேலையற்றோர் காப்புறுதியின் நாட்கொடுப்பனவு 31 முதல் 60 நாட்கள் வரை நிறுத்தப்படலாம். சட்டம் இதைக் கடுமையான தவறு என்றே வகைப்படுத்துகிறது. ஆனால் இந்த நடவடிக்கைக்கு ஆளாகிறவர்களில் பலர், தாம் எந்த வேலையையும் மறுக்கவில்லை என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே பிழைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பெரிய இழப்பைத் தவிர்க்கலாம்.

இழப்பின் அளவை முதலில் பார்ப்போம். காப்புறுதிக்கு உட்பட்ட சம்பளம் மாதம் 4,500 பிராங்காக உள்ள, பராமரிக்க வேண்டிய பிள்ளைகளைக் கொண்ட ஒருவருக்கு அதில் 80 வீதம், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 166 பிராங்க் கிடைக்கிறது. அவருக்கு 31 நாட்கள் நிறுத்தப்பட்டால் சுமார் 5,140 பிராங்க் போய்விடும்; 60 நாட்களானால் 9,950 பிராங்கை எட்டும். கொடுப்பனவு வாரத்துக்கு ஐந்து நாட்களுக்கே கணக்கிடப்படுவதால், 31 நாட்கள் என்பது ஆறு வாரங்களுக்கும் அதிகமான காலம். நிறுத்தப்பட்ட நாட்கள் பின்னர் திரும்பக் கிடைப்பதில்லை. மொத்த உரிமை நாட்களிலிருந்தும் அவை கழிக்கப்படுகின்றன.

வாய் திறந்து "வேண்டாம்" என்று சொன்னால்தான் மறுப்பு என்று நினைப்பதே மிகப் பெரிய தவறு. ஆர்ஏவி ஒரு வேலையைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பிய பின், அதில் உள்ள தேதிக்குள் விண்ணப்பிக்காமல் விடுவதும் மறுப்பாகவே கொள்ளப்படுகிறது. நேர்முகத்துக்குப் போய், "வேறு இடத்திலும் கேட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்கிறேன்" என்று இழுத்தடிப்பதும், முதல் கேள்வியாகவே மாலை வேலை முடியாது, சனிக்கிழமை முடியாது என்று அடுக்குவதும் அதே விளைவைத் தரலாம். நேர்முகம் எப்படி நடந்தது என்பதை முதலாளியும் ஆர்ஏவிக்குத் தெரிவிப்பார். விண்ணப்பித்தவருக்கு ஆர்வம் இல்லை என்று அவர் எழுதும் ஒற்றை வரி, பின்னர் நாம் சொல்லும் நீண்ட விளக்கத்தைவிட வலுவாக நிற்கக்கூடும். வேலையை ஏற்கத் தயார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, நேரம் பற்றிய கேள்விகளை அதன் பிறகு கேட்பதே பாதுகாப்பானது. தாமே தேடிக் கிடைத்த வேலையை விடுவதும் இதே விதிக்குள் வருகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

அடுத்தது, ஏற்ற வேலை எது என்பதை நம் விருப்பத்தைக் கொண்டு அளப்பது. காப்புறுதிப் பணம் நம் சம்பளத்திலிருந்து கழித்த பணம்தானே என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் காப்புறுதிக்கு ஏற்படும் செலவைக் குறைக்க, கிடைக்கும் எந்த வேலையையும் உடனே ஏற்க வேண்டும் என்பதே சட்டத்தின் தொடக்கம். விலக்குகள் அதன் பிறகே வருகின்றன. போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்ற வரம்பைத் தாண்டிய பயணம், உடல்நலத்துக்கு ஒவ்வாத வேலை, முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட தொழில்துறைக் கூட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்குக் கீழான சம்பளம், வேலைநிறுத்தம் நடக்கும் நிறுவனம் போன்றவை அந்த விலக்குகளில் அடங்கும். "நான் கணக்காளர், களஞ்சியத்தில் ஏன் வேலை செய்ய வேண்டும்" என்ற வாதத்துக்கும் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு. 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும் அந்த இடமும் இல்லை.

சம்பளம் பற்றிய குழப்பம்தான் அதிகம் வருத்துகிறது. முந்தைய சம்பளத்தின் 70 வீதத்துக்குக் குறைவான வேலை ஏற்றதல்ல என்ற விதியைப் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அதன் மறுபாதி காதில் விழுவதில்லை: குறையும் தொகைக்குக் காப்புறுதி இடைக்கால வருமான ஈடு கொடுக்குமானால், அந்த வேலை ஏற்ற வேலையாகிவிடும். மேலே சொன்ன 4,500 பிராங்க்காரருக்கு 2,400 பிராங்கில் பகுதிநேர வேலை வந்தால், வித்தியாசமாகிய 2,100 பிராங்கில் 80 வீதமாகிய 1,680 பிராங்கைக் காப்புறுதி தரும். மொத்தம் 4,080 பிராங்க். வீட்டில் இருந்தால் கிடைப்பதோ 3,600 பிராங்க்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "சம்பளம் காணாது" என்று மறுப்பவர் மாத வருமானத்தையும் இழந்து, நிறுத்தநாட்களையும் தேடிக்கொள்கிறார்.

நியாயமான காரணம் இருந்தும் அதை நிறுவத் தவறுகிறவர்களும் உண்டு. முதுகுவலி உள்ளவர் பாரம் தூக்கும் வேலையை மறுத்துவிட்டு, அதன் பிறகு மருத்துவரிடம் ஓடினால் அந்தச் சான்றிதழின் மதிப்பு குறைகிறது. எத்தனை கிலோ தூக்கக்கூடாது, எவ்வளவு நேரம் நிற்கக்கூடாது என்று விவரமாக எழுதிய சான்றிதழை முன்கூட்டியே ஆர்ஏவி ஆலோசகரிடம் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளைப் பராமரிப்பிலும் அப்படியே. முழுநேர வேலைக்குத் தயார் என்று பதிந்துவிட்டு, மாலையில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று சொன்னால், வேலைக்குத் தயாராக இருக்கிறாரா என்ற கேள்வியே எழும். அதில் மொத்தக் கொடுப்பனவும் ஆட்டம் காணலாம்.

நிறுத்தம் விதிக்கும் முன் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஜெர்மன் சரியாக வராது என்பதால் அதை அப்படியே மேசையில் விட்டுவிடுகிறவர்களுக்காக உண்மையில் மனம் நோகிறது, ஏனெனில் பதில் இல்லாவிட்டால் கோப்பில் இருப்பதைக் கொண்டே முடிவெடுப்பார்கள். தேதிவாரியாக நடந்ததை, மின்னஞ்சல் பிரதிகளோடு, எளிய மொழியில் எழுதினால் போதும். தீர்மானம் வந்துவிட்டால், 30 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஆட்சேபம் கொடுத்ததால் நிறுத்தம் தள்ளிப்போகாது. ஆகவே அந்த வாரங்களுக்கான வாடகைக்கு வேறு வழி பார்த்துக்கொண்டே, மாதந்தோறும் விண்ணப்பச் சான்றுகளை அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் ஒப்படைத்து வர வேண்டும். கோபத்தில் அதை நிறுத்திவிட்டால், முதல் ஆட்சேபத்துக்கு முடிவு வருவதற்குள் இரண்டாவது நிறுத்தம் வந்து சேரும்.