சிங்கப்பூரில் வீட்டை வாடகைக்கு விடுமுன்

எஃப்1 கார் பந்தயம் நெருங்கினாலே எங்கள் காண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) யாராவது என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, நாலே நாளைக்கு வீட்டை விடலாமா? ஹோட்டல் விலை ஏறிக் கிடக்குதே!"

விடக் கூடாது. தனியார் வீடு என்றால் வருபவர் தொடர்ந்து 3 மாதமாவது தங்க வேண்டும். 2017 ஜூன் வரை அதுவே 6 மாதமாக இருந்தது. மீறினால் 2 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். 2018இல் இருவருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி விதித்தார்கள். ஏஜெண்டு "ஒப்பந்தத்தில் 3 மாதம் என்று எழுதிவிட்டு ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லலாம்" என்றால் கேட்காதீர்கள். தங்கும் காலம்தான் கணக்கு, காகிதம் அல்ல.

இந்த விதி இருப்பதில் எனக்கு நிம்மதி. வாரத்துக்கொரு புதுமுகம் பெட்டியோடு லிஃப்டில் ஏறினால், பள்ளி விட்டுத் தனியாக வரும் பிள்ளையை யார் நம்பி மேலே அனுப்புவது? கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் காசு கொடுக்காமல் தங்கினால் அது வாடகையே இல்லை. வீட்டில் இடம் போதாவிட்டால் சர்வீஸ் அபார்ட்மென்ட் பாருங்கள். அங்கே 7 நாளிலிருந்து எடுக்கலாம்.

வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் அறையோ முழு வீடோ, குறைந்தது 6 மாதம். சுற்றுப்பயணிகளுக்கு விடவே முடியாது. முன்கூட்டியே கழகத்தின் அனுமதி வாங்க வேண்டும். முழு வீட்டையும் விட நிரந்தரவாசிகளுக்கு அனுமதி இல்லை.

சரி, முறையான ஆள் கிடைத்துவிட்டார். வெளிநாட்டவர் என்றால் அவருடைய பாஸின் (இங்கே தங்க, வேலை செய்யத் தரும் அனுமதி அட்டையின்) அசலை வாங்கிப் பாருங்கள், கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள், பாஸ் கொடுத்த துறையின் இணையதளத்தில் அது செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். மூன்றும் வீட்டுக்காரரின் கடமை. பாஸ் முடியும் தேதியை நான் சமையலறை நாட்காட்டியில் குறித்து வைப்பேன்.

கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாதம் 4,000 வெள்ளி, 2 வருடம் என்றால் மொத்தம் 96,000, அதில் 0.4 விழுக்காடு, 384 வெள்ளி. பெரும்பாலும் வாடகைக்கு வருபவர்தான் கட்டுவார், ஆனாலும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க மாட்டார்கள்.

அப்புறம் சொத்து வரி. முழு வீட்டையும் விட்டால் உரிமையாளர் குடியிருப்புச் சலுகை, அதாவது சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கான குறைந்த வரி, போய்விடும். வரி, ஆண்டு மதிப்பில் (வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகை என்று மதிப்பிடும் தொகையில்) 12 விழுக்காட்டில் தொடங்கி 36 வரை ஏறும். நீங்களும் அங்கேயே இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் விட்டால் சலுகை தொடரும்.

வருமான வரியில் பலரும் வீணாகக் கூடுதலாகக் கட்டுகிறார்கள். ஆண்டு வாடகை 48,000 என்றால், ரசீது எதுவும் இல்லாமலே 15 விழுக்காட்டை, அதாவது 7,200ஐச் செலவாகக் கழிக்கலாம். வீட்டுக் கடன் வட்டியையும் தனியாகக் கழிக்கலாம்; அசலைக் கழிக்க முடியாது. வட்டி 9,000 என்றால் வரிக்கு வருவது 31,800தான். வங்கியிடம் வட்டிக் கணக்கை ஜனவரியிலேயே வாங்கி வையுங்கள், இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18.