ஜான் கீல்குட் பற்றி வாசகர் கூட்டத்தில் உரையாற்றுவது எப்படி?

ராயபுரத்திலோ பெரம்பூரிலோ நடக்கும் வாசகர் கூட்டத்தில் ஆங்கிலேய நாடக நடிகர் ஜான் கீல்குட் பற்றிப் பேச விரும்புவோர், 1904-இல் லண்டனில் பிறந்தார் என்று தொடங்காமல், 1982-இல் வெளிவந்த 'காந்தி' திரைப்படத்தில் வைஸ்ராய் இர்வினாக நடித்தவர் அவரே என்று தொடங்கினால், கேட்பவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்து மேடைக்கு வாருங்கள். பாட்டியின் தங்கை எலன் டெர்ரி புகழ்பெற்ற நடிகை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, 1929-இல் லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் சேர்ந்து மறு ஆண்டே ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகன் ஹாம்லெட்டாக நடித்ததை விரிவாகப் பேசுங்கள். அவருடைய பெரும் சொத்து குரல்தான் என்பதால், பேச்சைவிட ஒலிப்பதிவே பயன் தரும். ஒரு தனிமொழியை (பாத்திரம் தனக்குத்தானே பேசும் நீண்ட வசனத்தை) இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டு, வரி முடியும் இடத்தில் அல்லாமல் பொருள் முடியும் இடத்தில் அவர் மூச்சு வாங்குவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை அரங்கில் நாடகம் பார்த்த பெரியவர்கள் கூட்டத்தில் இருந்தால், இந்த இடத்தில் அவர்களைப் பேசவிடுவது நல்லது. நம் பேச்சு சற்றுக் குறைந்தால் நட்டமில்லை.

1953-இல் சர் பட்டம் பெற்றதைச் சொல்லும்போது, ஒருபாலுறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த அந்தக் காலத்தில், அதே ஆண்டில் அது தொடர்பாக அவர் கைதாகி அபராதம் கட்டியதையும் மறைக்காதீர்கள். அதன்பின் மேடையேறிய அவரை ரசிகர்கள் கைவிடவில்லை. 'ஆர்தர்' படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதுக்கு ஒரு வாக்கியம் போதும்.